தொப்பூர் இறக்கத்துக்கு முன் எரிந்த சிவப்பு விளக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை முடிந்த வாரம். சேலத்தில் மகளுக்கு நர்சிங் கலந்தாய்வு. பத்தரை மணிக்குப் பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கணவர் ஓசூரில் வேலையில் இருந்தார். கார் ஓட்டக் கற்று ஆறே மாதம் ஆன நான், பஸ் எதற்கு, நானே கூட்டிப் போகிறேன் என்று வீராப்பாகத் தர்மபுரியிலிருந்து கிளம்பிவிட்டேன்.

தொப்பூர் நெருங்கும்போது ஒரு பள்ளத்தில் கார் குலுங்கியது. உடனே பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. மகள் அப்பாவுக்குப் போன் போட்டாள். "புது பேட்டரி போட்டு ஒரு மாசங்கூட ஆவல. ஒன்னும் ஆவாது, போவச் சொல்லு" என்றார். பேட்டரி விற்ற கடைக்காரரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஆனால் முன்னால் இருப்பது தொப்பூர் இறக்கம். லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டால் என்ன கதி? பயந்துபோய் ஒரு சாலையோர ஹோட்டல் முன் ஓரங்கட்டினேன். மணி ஒன்பது.

பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றி வந்த மினி லாரிக்காரர் ஒருவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்து அவராகவே எழுந்து வந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு இன்ஜினை அணைக்கப் போனேன்.

"அணைக்காதீங்க்கா. ஹெட்லைட்டப் போட்டுட்டு லேசா ஆக்சிலேட்டர் குடுங்க."

விளக்கின் முன் கையை வைத்துப் பார்த்தார். "வெளிச்சம் ஏறவே இல்லீங்க. பேட்டரி நல்லாத்தான் இருக்கு, அதுக்குச் சாப்பாடு போவல. சார்ஜ் ஏத்துற டைனமோ பக்கம் என்னமோ ஆயிருக்கு. காலையில வண்டியில எதுனா செஞ்சீங்களா?"

"நான் ஒன்னும் செய்யலையே" என்றேன் வெடுக்கென்று. மகள்தான், "வைப்பருக்குத் தண்ணி ஊத்த பானெட்டத் தெறந்தியேம்மா" என்றாள்.

இன்ஜினை அணைக்கச் சொல்லி பானெட்டைத் தூக்கினார். எனக்கு முகம் செத்துவிட்டது. பூஜைக்கு நான் கட்டிய சாமந்திச் சரம் உள்ளே வாடித் தொங்கியது. எங்கள் ஊரில் பூவுக்கா பஞ்சம்? ஸ்டியரிங்குக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று என்று கட்டிவிட்டு, இன்ஜினையும் விடவில்லை நான். ஒரு முனை பானெட் மூடியில், மறுமுனை கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு வயரில். காலையில் மூடியைத் தூக்கியபோது சரம் வயரை இழுத்து, டைனமோவில் செருகியிருந்த பிளக் பாதி கழன்றிருக்கிறது. பள்ளத்தில் குலுங்கியதும் முழுசாக வெளியே வந்துவிட்டது.

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முடிச்சை அறுத்து, பூவைக் கீழே போடாமல் மகள் கையில் கொடுத்தார். பிளக்கை அழுத்திச் செருகினார். "சாமிக்குக் கட்டுனது தப்பில்லீங்க்கா. வயர்ல கட்டுனதுதான் தப்பு" என்றார், அவ்வளவுதான்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உடனே பிடித்தது. சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. மகள் அழுதே விட்டாள்.

"சின்ன கியர்லயே எறங்குங்க. நான் பின்னாலயே வரேன்" என்றார். மண்டிக்கு அவருக்கும் நேரமாகியிருக்கும். இருந்தும் இறக்கம் முடியும்வரை என் கண்ணாடியில் அவர் வண்டி தெரிந்துகொண்டே இருந்தது. கீழே வந்ததும் ஒரு ஹார்ன் அடித்துவிட்டு முந்திப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மகளுக்கு இடம் கிடைத்தது, இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள். தப்பு என்று வந்தால் அடுத்தவர் தலையில் போடுவதுதான் அதுவரை என் வழக்கம். பெற்ற பெண் முன்னால் என்னைத் தலைகுனிய விடாமல் என் தவறை எடுத்துக் காட்டினாரே ஒருவர், அந்தத் தைரியத்தில்தான் அன்று காரில் அவளிடம் "தப்பு என்னோடதுதான் கண்ணு" என்று முதல்முறையாகச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரிடமும் அதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியதில்லை.