கோல் விழுந்தால் கிழக்கே பார்ப்போம்

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. இடம், தாயில்பட்டியைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் என் மனைவி ஊர்க் கண்மாய். தண்ணீர் இருந்தால் அது கண்மாய், இல்லாவிட்டால் கால்பந்து மைதானம். பெரும்பாலும் மைதானம்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற்றம் வேண்டாம். நான் விருதுநகர்க்காரன். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பிழை பார்க்கிற வேலை. பிப்ரவரிக்கு முப்பது நாள் கொடுத்து, மெஷின் ஓடி முடிந்த பிறகு கண்டுபிடித்தவன். பள்ளியில் கால்பந்து என் காலில் பட்டதைவிட மூக்கில் பட்டதுதான் அதிகம். ஆனால் ஒன்று, கரையில் நின்று கத்துவதற்கு என்னைப் போல ஆள் கிடையாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, என் மனைவியின் அண்ணன் ஊர் கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர் என்று தெரிந்ததும் பெண்ணைப் பார்க்கும் முன்பே சம்மதம் சொல்லிவிட்டேன். இதை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

கல்யாணமாகி முதல் மேட்ச். கரையில் முந்நூறு பேர் இருப்பார்கள். எங்கள் ஆள் ஒருவன் இடது ஓரத்தில் இருந்து அடித்த பந்து வளைந்து போய் வலைக்குள் விழுந்தது. நான் "கோல்!" என்று ஒரு குதி குதித்தேன். தரையில் காலை வைத்தபோதுதான் கவனித்தேன், குதித்தது நான் மட்டும்தான்.

ஒரு சத்தம் இல்லை. முந்நூறு பேரும் கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே திரும்பி நின்றார்கள். கோல் அடித்தவனே அப்படித்தான் நின்றான், மூச்சு வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு. கைக்குழந்தையின் வாயைப் பொத்தியபடி ஒரு அம்மா. காற்றில் கருவேல முள் உரசுகிற சத்தம் கேட்டது. ஊரோடு பேய் பிடித்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். கரையின் மேட்டில் டீக்கடை போட்டிருக்கும் அக்கா, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கிழக்கே பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி கத்தினார்கள் பாருங்கள்!

மேட்ச் முடிந்ததும் மச்சானிடம் கேட்டேன். என் வழக்கப்படி நக்கலாகத்தான்.

"ஏன் மச்சான், கோல் செல்லுமா செல்லாதான்னு கிழக்க இருந்து தபால் வரணுமோ?"

மச்சான் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அங்கன ஒன்றரைக் கிலோமீட்டர்ல பட்டாசுக் கம்பெனி இருக்குல்ல மாப்ள. பல வருசத்துக்கு முந்தி இதே கண்மாய்ல ஒரு கோல் விழுந்துச்சு. சரவெடி வச்சோம், ஆடுனோம். நாங்க ஆடிக்கிட்டு இருக்கையிலதான் அங்கன ஒரு ஷெட்டு வெடிச்சிருக்கு. எங்க சத்தத்துல எங்களுக்குக் கேக்கல. பத்து நிமிசம் தெரியல மாப்ள. பத்து நிமிசம் ஆடிருக்கோம்."

அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் யாரும் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசு செய்கிற ஊரில், கோலுக்கு ஒரு ஓலைவெடிகூடக் கிடையாது. கோல் விழுந்தால் முதலில் காது கொடுத்துக் கேட்பார்கள், புகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அக்கா கை தூக்கினால்தான் சந்தோஷம். கிளப் சட்டையின் நிறம் இரண்டு முறை மாறிவிட்டது. இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

நானும் பழகிக்கொண்டேன். ஒரு வருடம் முழுக்க, கோல் விழுந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே விரதம் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை அரையிறுதி. எதிரணி விருதுநகர், என் சொந்த ஊர். அன்று காலையிலேயே என் மனைவி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அவள் நர்ஸ். அதே கிழக்குக் கம்பெனியில் தொழிலாளர்களுக்கு மருத்துவ முகாம் என்று பிரஷர் பார்க்கும் பெட்டியோடு வேனில் ஏறினாள். ஏறும்போது என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள். இருக்கன்குடி கோயில் கடைகளில் வாங்கிய, முழங்கை நீளப் பிளாஸ்டிக் பீப்பி.

"இதை எதுக்கு எடுத்துட்டுப் போறீக?"

"ஜெயிச்சா ஊத."

"அக்கா கை தூக்குன பொறவு ஊதுங்க. ஒங்க வாய்க்குப் பூட்டு கிடையாது."

மைதானத்தில் விருதுநகர் ஆட்கள் ஒரு லாரி நிறைய வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் என்னோடு படித்தவர்கள். என்னை எங்கள் பக்கத்தில் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏலே! பொண்டாட்டி ஊருக்கே தத்துப் போயிட்டியாலே?"

"சீர்வரிசையில பந்தும் குடுத்தாகளாலே?"

முதல் பாதி முழுக்க இதேதான். இரண்டாம் பாதியில் மச்சான் ஒரு பெனால்டியைத் தடுத்தார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்கள் பையன் தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. நான் யோசிக்கவே இல்லை. லாரிக்காரர்களைப் பார்த்து, கன்னம் வெடிக்க, பீப்பியை ஊதினேன். ஒரு முழு மூச்சு.

மூச்சு முடியும்போதுதான் உறைத்தது. சுற்றி யாருமே கத்தவில்லை. என் பீப்பி மட்டும் அந்தக் கண்மாய் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பி என்னிடமே வந்தது. அதன் வால் நுனியில், என் சத்தம் அடங்குகிற அந்த இடத்தில், வேறு ஏதோ ஒன்று இருந்தது. 'தொப்' என்று. மூட்டையைக் கீழே போட்டது மாதிரி.

டீக்கடை அக்கா கையைத் தூக்கவில்லை.

"கேட்டுச்சா?" என்றார் கீழே பார்த்து.

"என்னமோ கேட்டுச்சுக்கா."

"எனக்குக் கேக்கல."

"இவரு ஊதுனதுல என்னத்தக் கேக்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கோபமே இல்லாமல், நான் அங்கே இல்லாதது மாதிரி பார்த்துவிட்டு மறுபடி கிழக்கே திரும்பினார்கள். கிழக்கே மரங்களுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. மேகமா, லாரி கிளப்பிய புழுதியா, புகையா? பார்க்கப் பார்க்க அது மூன்றாகவும் தெரிந்தது. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஆபீஸ் நம்பரை ஒரே நேரத்தில் எல்லோரும் அடித்ததில் யாருக்கும் கிடைக்கவில்லை.

மச்சான் கோல் கம்பத்திலிருந்து நடந்து வந்தார். என் பக்கத்தில் நின்று, மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி கேட்டார்.

"தங்கச்சி அங்கனதான மாப்ள இருக்கு?"

காலையில் வேனில் ஏற்றி அனுப்பியவன் நான். அந்த நிமிடம் வரை அது என் மண்டையில் இல்லை. என் கையிலிருந்த பீப்பி எப்போது விழுந்தது என்று தெரியாது.

பைக்கை நான்தான் ஓட்டினேன். மச்சான் பின்னால். கையுறையைக்கூடக் கழற்றாமல் என் இரண்டு தோளிலும் கையை வைத்திருந்தார். அந்தப் பஞ்சுக் கைகள் அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. வண்டிப் பாதையில் ஒரு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் கருவேலம். என் காதுக்குள் அந்தத் 'தொப்' திரும்பத் திரும்ப ஓடியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக. முதலில் மூட்டை விழுந்த மாதிரி இருந்தது, பாதி வழியில் கதவை அறைந்த மாதிரி ஆனது. இன்னும் கொஞ்சம் போனால் தரையே அதிர்ந்தது என்று சத்தியம் செய்திருப்பேன்.

"நிப்பாட்டுங்க," என்றார் மச்சான்.

நிறுத்தினேன். என்ஜினையும் அணைக்கச் சொன்னார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். சூடான என்ஜின் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றுமில்லை. ஒரு குருவிகூட இல்லை. முன்னால் கம்பெனி, பின்னால் முந்நூறு பேர் நிற்கிற மைதானம். இரண்டு பக்கமிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. உலகத்தில் நாங்கள் இருவர்தான் மிச்சம் என்பது போல இருந்தது.

"ஓட்டுங்க," என்றார்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார். அவர் பார்த்தது எங்கள் முகத்தை அல்ல, மச்சானின் காலை.

"பூட்ஸைக் கழட்டுங்க. அடியில முள்ளு முள்ளா இருக்கு. உரசுனா என்ன ஆகும்?"

"அண்ணாச்சி, உள்ள என்ன ஆச்சு?" கையுறைக் கையால் பூட்ஸ் நாடாவை இழுத்துக்கொண்டே கேட்டார் மச்சான்.

"உள்ள ஒண்ணும் ஆகலியே. அங்கனதான என்னமோ ஆச்சுன்னாக? எட்டிப் பாருங்க."

கேட் கம்பிகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்தேன். அதை என்னால் மறக்கவே முடியாது. ஷெட்டுகளுக்கு வெளியே, வேப்ப மரங்களின் கீழே, பெண்கள் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அலுமினியப் பொடி ஒட்டி, பல பேருக்கு முகமும் கையும் வெள்ளியாக மின்னின. ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் எங்கள் தலைக்கு மேலே, மேற்கே, கண்மாயைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நாங்கள் அங்கே விட்டுவிட்டு வந்த அதே கூட்டத்தை யாரோ கண்ணாடியில் காட்டியது மாதிரி.

அந்த வெள்ளி முகங்களுக்கு நடுவில் வெள்ளைச் சேலையில் என் மனைவி. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"அங்கன யாருக்கு என்ன ஆச்சு?"

"எங்களுக்கு என்ன? உங்களுக்குத்தான்..."

"பீப்பி மாதிரி ஒரு கூப்பாடு கேட்டுச்சு. பொறவு 'தொப்'புன்னு ஒரு சத்தம். அதுக்குப் பொறவு கத்தலே இல்ல. அண்ணனுக்கு ஏதோ ஆகிப்போச்சுன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அவள் சொன்னாள். மைதானத்தில் மேட்ச் என்றால் உள்ளே வேலை செய்கிறவர்களும் ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருப்பார்களாம். பாதிப் பேரின் புருஷனோ அண்ணன் தம்பியோ அங்கேதான் நிற்கிறான். கோல் விழுந்த கத்தல் காற்றில் வந்தால், "சரி, நம்ம ஆளுக நல்லா இருக்காக" என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்களாம். அன்று வந்தது ஒரு பீப்பி, ஒரு 'தொப்', அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பீப்பியை ஊதியது யார் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பிரஷர் பார்த்தாள். எவ்வளவு இருந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை.

அந்தத் 'தொப்' என்னவென்று யாருக்கும் தெரியாது. மைதானத்தில் நின்றவர்களுக்கு அது கம்பெனிப் பக்கமிருந்து கேட்டது. கம்பெனியில் இருந்தவர்களுக்கு மைதானப் பக்கமிருந்து கேட்டது. நடுவில் இருப்பது முள்ளுக்காடு மட்டும்தான். மறுநாள் மச்சானும் நானும் அதற்குள் நடந்து பார்த்தோம். ஒன்றும் விழுந்திருக்கவில்லை, ஒன்றும் எரிந்திருக்கவில்லை. மச்சான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அன்று மச்சான் பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, என் பைக்கை எடுத்துக்கொண்டு சேதி சொல்ல மைதானத்துக்குத் திரும்பினார். என்னை என் மனைவி விடவில்லை. "நீங்க இங்கனயே நில்லுங்க, போதும் நீங்க செஞ்சது" என்றாள். அதனால் கேட்டுக்கு வெளியே நான், உள்ளே அந்தப் பெண்கள், எல்லோருமாக மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஐந்து நிமிடமா, பத்து நிமிடமா தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த அமைதி இவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பிறகு வந்தது. மெலிதாக, தூரத்தில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி. அரை மணி நேரத்துக்கு முன் விழுந்த ஒரு கோலுக்கான கத்தல். அந்த அம்மா "ம்" என்றார், அவ்வளவுதான். பெண்கள் ஒவ்வொருவராகக் கையில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிவிட்டு ஷெட்டுக்குள் போனார்கள்.

மைதானத்தில் என்ன நடந்தது என்று பின்னால் சொன்னார்கள். மச்சான் திரும்பி வருகிற வரைக்கும் ஒருவரும் அசையவில்லையாம். நடுவர் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாராம். என்னைக் கிண்டல் செய்த விருதுநகர் ஆட்கள்கூட லாரியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிழக்கே பார்த்து நின்றார்களாம். மச்சான் வந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னதும் முதலில் கத்தியதே அவர்கள்தானாம், தோற்கப் போகிறவர்கள்.

கிளப்பில் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தள்ளியும் வைக்கவில்லை. அடுத்த மேட்சில் டீக்கடை அக்கா மட்டும், "இங்கன வந்து என் பக்கத்துல நில்லுங்க, நீங்களும் பாருங்க" என்று மேட்டில் இடம் கொடுத்தார். இன்றும் அங்கேதான் நிற்கிறேன். நாங்கள் சந்தோஷத்தில் கத்துகிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அக்கா கை தூக்கியதும் தொண்டை கிழியக் கத்தும்போதெல்லாம், அந்தப் பக்கத்தில் வேலையைப் போட்டுவிட்டு நிற்கிற யாரோ ஒருத்திக்கு அது சரியாகப் போய்ச் சேர வேண்டுமே என்கிற பயத்தில்தான் கத்துகிறேன்.