அன்ரனாவைத் திருப்பிய கை

இறுப்பிட்டியில் பூட்டிக் கிடந்த தன் வீட்டை மேலிருந்து படமெடுத்து அனுப்பச் சொல்லி, வெளிநாட்டிலிருந்த சொந்தக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல வெயில். முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ட்ரோனை ஏற்றினேன். கூரையைத் தாண்டியதும் கண்ணாடிக்குள் தெரிந்த படம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. எரிச்சல் வந்தால் என் வாய் சும்மா இராது. அந்தச் சாமானைச் செய்தவனைத் திட்டித் தீர்த்தேன்.

ட்ரோன் அனுப்பும் படத்தை வாங்கும் அன்ரனாவை மூங்கில் தடியொன்றில் கட்டி எனக்குப் பின்னால் நட்டிருந்தேன். அது ட்ரோன் நிற்கும் பக்கம் பார்த்தால்தான் படம் தெளியும். வீட்டுப் பூட்டின் திறப்பை வைத்திருக்கும் அயல்வீட்டு அண்ணையும் கூட வந்திருந்தார்.

"அண்ணை, தடியைக் கடற்பக்கம் திருப்புங்கோ."

தடி கிறீச்சிட்டது. புள்ளிகள் குறைந்தன.

"காணுமோ?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. போதுமோ என்பதை நாங்கள் அப்படித்தான் கேட்போம்.

"காணாது. இன்னும் கொஞ்சம்."

படம் பளிச்சென்று தெளிந்தது. ட்ரோனின் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பினேன். கிணறு தெரிந்தது, முற்றம் தெரிந்தது, கதிரையில் நான் தெரிந்தேன். வாசல் படலைக்கு வெளியே, ஒழுங்கை தெருவில் ஏறும் தொங்கலில், அண்ணை இரண்டு சோடாப் போத்தல்களோடு வந்துகொண்டிருந்தார்.

என் முதுகுக்குப் பின்னால் ஒருவருமில்லை. தடி மட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"இப்ப காணுமோ?"

கண்ணாடியைக் கழற்றாமலே, "ஓம், காணும்," என்றேன்.

தடி நின்றது.