கிருத்திகைக்குக் கிருத்திகை நின்றுபோன வண்டி

பழைய கார் வைத்திருப்பவனுக்கு யோசனை சொல்ல இந்த ஊரில் எந்தத் தகுதியும் தேவையில்லை. மலை மேல் நாயுடுபுரத்தில் என் வீட்டு வாசலில் நான் பானெட்டைத் திறந்தால் போதும். பால் ஊற்ற வந்தவர் நின்று பார்ப்பார். கேரட் மூட்டை ஏற்றிப் போகிறவர் வேனை ஓரங்கட்டுவார். "வித்துப்புட்டுப் புதுசு வாங்குங்க சார்" என்பதுதான் எல்லோருடைய ஆய்வு முடிவும். எப்போது நிற்கிறது, ஏற்றத்திலா இறக்கத்திலா, சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா என்று ஒருவர் கூடக் கேட்டதில்லை. நான் பணிமனைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோளாறை எந்த வரிசையில் தேட வேண்டும் என்று சுற்றறிக்கை எழுதியே தலை நரைத்தவன். அந்த வரிசையின் முதல் படி, எதையும் கழற்றுவதற்கு முன் கேள்வி கேட்பது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

வண்டி கார்புரேட்டர் காலத்தது. மாதம் ஒரு முறை, கிருத்திகையன்று, அதில் என் மனைவியைப் பழனிக்கு அழைத்துப் போவேன். அவளுடைய அண்ணனுக்கு அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை. அன்றைக்குக் கூட்டம் தாங்காது என்பதால் கல்லாவில் தங்கை உட்கார வேண்டும். கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் அங்கே சாப்பிட்டுவிட்டு மாடியில் தூங்குவேன். சாயங்காலம் இருவரும் அதே வண்டியில் மலையேறி வீடு திரும்புவோம்.

இறங்கும்போது ஒழுங்காக இருக்கிற வண்டி, திரும்பி ஏறும்போது பாதி மலையில் மாறிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் குளிர்ஜுரம் வந்தவனைப் போல நடுங்கும். வளைவில் வேகத்தைக் குறைத்தால் அணைந்தே போகும். ஒரு முறை கொண்டை ஊசி வளைவின் நட்டநடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்தார். என்னை ஒரு பொருட்டாக மதிக்காமல் என் மனைவியிடம் பேசினார்.

"நீங்க ஏறிக்கங்கம்மா. சார் வரும்போது வரட்டும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் என்னை நடுரோட்டில் விட்டுப் போனது அதுதான் முதல் முறை. அடுத்த கிருத்திகைக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "நீங்க ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு மெதுவா வாங்க. எனக்குச் சோலி கெடக்கு. நான் பஸ்ல வெரசா போயிருவேன்."

அவள் முன்னால் பஸ்ஸில், நான் பின்னால் காலி இருக்கையோடு. அந்த இருக்கைக்காகத்தான் பிறகு நான் செய்ததெல்லாம்.

முறைப்படி தொடங்கினேன். ஸ்பார்க் பிளக்குகளில் கரி அப்பியிருந்தது. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. அதில் புதிர் ஒன்றும் இல்லை. மலை மேல் காற்று மெலிது. கீழே சரியாக இருக்கும் கலவை இங்கே வந்தால் மிகையாகிவிடும். அதனால்தான் கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருகை மலைக்கு ஏற்றபடி நானே அமைத்திருந்தேன். பழனியில் கொஞ்சம் நடுங்கும், ஆனால் நிற்காது. இப்போது பார்த்தால் திருகு நான் வைத்த இடத்தில் இல்லை. அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று மாற்றினேன். அடுத்த கிருத்திகைக்குப் பிறகு மறுபடியும் கழன்றிருந்தது. அந்த ஸ்பிரிங்கைச் செய்தவனைத் தகாத வார்த்தைகளால் திட்டினேன். முகம் தெரியாத அவரிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு திருகின் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். வட்டக்கானல் வரை குண்டும் குழியுமான பாதையில் போய் வந்தேன். கோடு அசையவில்லை. பழனி எல்லை வரை இறங்கி, ஊருக்குள் நுழையாமல் திரும்பினேன். அப்போதும் அசையவில்லை. கிருத்திகைக்குப் போய் வந்தேன். கோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆக, கோளாறு வண்டியிலும் இல்லை, பாதையிலும் இல்லை. என் மச்சான் வீட்டில் இருந்தது.

அடுத்த முறை சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், தூங்கவில்லை. சற்று நேரத்தில் கீழே என் எஞ்சின் உறுமியது. இறங்கிப் போனேன். பானெட்டுக்குள் ஒரு மெக்கானிக் தலையை விட்டிருந்தார். பக்கத்தில் மச்சான், கையில் டீ டம்ளரோடு.

"என்ன மச்சான் நடக்குது?"

"நீங்க போய்த் தூங்குங்க மாப்ள. வழக்கமாப் பாக்குறதுதேன்."

"வழக்கமாவா?"

மெக்கானிக் தலையை வெளியே எடுத்தார். "வரும்போதெல்லாம் நடுங்கிக்கிட்டேதேன் சார் வருது. மேல எவனோ கை வச்சுக் கெடுத்து வச்சிருக்கான். மாசாமாசம் நாந்தேன் சரி பண்ணி விடுறேன்."

அந்த எவனோ, நான்.

"வீட்டுக்கு வந்த மாப்ள வண்டிய அப்படியே அனுப்ப முடியுமா? தங்கச்சி வேற, வண்டி வழியில நிக்குதுன்னு வருத்தப்படுது. அதேன் நல்லாப் பாக்கச் சொன்னேன்" என்றார் மச்சான்.

வண்டி நிற்கிறது என்று அவள் சொல்கிறாள். இவர் சரி செய்கிறார். சரி செய்வதால் நிற்கிறது. உயரத்தையும் காற்றையும் பற்றிப் பொறுமையாக விளக்கினேன். மச்சான் முழுவதையும் கேட்டார்.

"மலைக்கு ஒரு காத்து, பழனிக்கு ஒரு காத்தா மாப்ள? எல்லாம் முருகன் காத்துதேன்."

மெக்கானிக் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். இனி அதைத் தொடுவதில்லை என்று மச்சானிடம் வாக்கு வாங்கினேன்.

அன்று சாயங்காலம் வண்டி எங்கும் நிற்கவில்லை. பஸ் வருவதற்கு முன்பே மேலே போய் ஸ்டாண்டில் காத்திருந்தேன். இறங்கிய மனைவி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சான் வீட்டில் நடந்ததைச் சொன்னபோது, "எங்கண்ணனையா சொல்றீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அடுத்த கிருத்திகைக்குக் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

போகும்போது குறையில்லை. சாயங்காலம் புறப்படும்போது வண்டி பளபளத்தது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு வைத்த இடத்திலேயே இருந்தது. மச்சான் வாக்குத் தவறவில்லை. உள்ளேயும் எல்லாம் பளபளத்ததை நான் கவனித்திருக்க வேண்டும். மூடுபனிக்குள் நுழைந்ததும் வண்டி விக்கத் தொடங்கியது. இது பழைய நடுக்கம் இல்லை, வேறு சாதி. இரண்டு வளைவு தாண்டி நின்றது.

அவள் போனை எடுத்து அண்ணனை அழைத்தாள்.

"வண்டியில கை வச்சீங்களாண்ணே?"

"சத்தியமா இல்ல தாயி. அந்தத் திருகுப் பக்கமே போகல. வாட்டர் சர்வீஸ் மட்டும் விட்டேன். எஞ்சினையெல்லாம் பைப்ப வச்சு அடிச்சுப் புதுசாட்டம் ஆக்கிப்புட்டான், பாத்தியா?"

போனை வைத்துவிட்டாள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். பின்னால் பஸ் வந்து நின்றது. அதே கண்டக்டர் தலையை நீட்டினார்.

"வாங்கம்மா, சீட் இருக்கு."

"நீங்க போங்க தம்பி. இது எங்கண்ணன் பாத்த வேலை."

பஸ் போயிற்று. என் கையிலிருந்த மூடியை வாங்கி, சுங்குடிச் சேலை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். நூல் பிரியாத உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும் என்பது நானே எழுதிய விதி. அதை அப்போது சொல்லவில்லை. மூடியைப் பொருத்திச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு முறை தும்மிவிட்டுச் சீராக ஓடியது.

அடுத்த வளைவைத் தாண்டினோம். பிறகு, ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"அடுத்த மாசம் நீங்க மத்தியானம் தூங்க வேண்டாம். சாப்பிட்டதும் வந்து வண்டிக்குள்ளயே உக்காந்துக்கங்க."