வரியைக் கூட்டச் சொல்லிப் போனேன்

ஒரு வீட்டுக்கு இரண்டு சலுகை தரமாட்டார்கள் என்று நம்பிய மடையன் நான். வருமானம் குறைந்த வீடுகளுக்குச் சோலைவரி என்ற வீட்டு வரியைக் குறைத்து எங்கள் நகரசபை கடிதம் அனுப்பியதும், உயர்தரம் படிக்கும் மகளுக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணம் நின்றுவிடும் என்று பயந்துபோனேன். வசதியான ஆளாகத் தெரிய, கோயில் திருநாளுக்குத் தைத்த சட்டையோடு சபைக் கந்தோருக்கு ஓடினேன்.

“தங்கச்சி, எங்கட கிணத்துத் தண்ணி உப்பே இல்லை. மன்னாரில அது லேசான விசயமோ? பெறுமதியான வீடு, வரியைக் கூட்டிப் போடுங்கோ!”

அங்கிருந்த பெண் எழுதுவினைஞர் சிரித்துவிட்டார். “அண்ணை, கூட்டச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கள்தான். உதவிப்பணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. கடிதத்தின்ர மற்றப் பக்கத்தை வாசிச்சனீங்களோ?”

இல்லை. பயப்பட எனக்கு முதல் பக்கமே போதுமாக இருந்தது.

சபைக்கு வருமானம் குறைவதால் வாசிகசாலை இனி மாலை ஐந்து மணிக்கே பூட்டப்படும் என்று மற்றப் பக்கத்தில் இருந்தது. வீட்டில் இடமில்லாமல் மகள் ஏழு மணிவரை இருந்து படிப்பது அங்கேதான்.

இப்போது எந்தக் கடிதத்தையும் திருப்பிப் பார்த்து வாசிக்கிறேன். சபைக் கூட்டங்களுக்கும் போய், அந்த இரண்டு மணித்தியாலத்தைத் திருப்பிக் கேட்கிறேன். உதவிப்பணம் மாதாமாதம் வருகிறது. வாசிகசாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது.