மாமா சுடாத டாங்கி

ஆரணி பஜாரில் வீடியோ கேம் கடை வந்த புதிதில், தறியை விட்டு எழுந்தால் என் கால்கள் நேரே அங்கேதான் போகும். எனக்குப் பிடித்தது டாங்கிச் சண்டை. எழுபத்தொன்றாம் வருட யுத்தச் செய்திகளைப் பேப்பரில் ஒரு வரி விடாமல் படித்தவன் நான். கடையில் எங்கள் கூட்டம் அந்த யுத்தத்தைத்தான் தினமும் புதிதாக நடத்தி, ஜெயித்துக்கொண்டிருந்தது.

நிஜத்தில் அந்த யுத்தத்தில் டாங்கிக்குள் உட்கார்ந்து சண்டை போட்டவர் என் அக்கா வீட்டுக்காரர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவரை, சந்தோஷப்படுவார் என்று கடைக்கு இழுத்துப்போனேன்.

கைப்பிடியைப் பிடித்ததும் அவர் முகம் இறுகியது. திரையில் எதிரி டாங்கி நேர் எதிரே வந்து நின்றது. அவர் சுடவில்லை.

“சுடுங்க மாமா, ஜல்தி!” என்று கத்தினேன்.

“உள்ள நாலு பேரு கீறாங்கடா” என்றார் மெதுவாக.

அதற்குள் எதிரி சுட்டு, அவருடைய டாங்கி வெடித்துவிட்டது. அவர் கைப்பிடியை விட்டுவிட்டு வெளியே நடந்தார்.

மறுநாளும் போனேன். ஆட்டத்தை விட மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு டாங்கியைச் சுட்ட பிறகும், அதிலிருந்து யாராவது இறங்கி ஓடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

யாரும் இறங்கவில்லை.