இரண்டு பேருக்கு ஒரு செவிப்பறை

காலையில் ஒருவர் காதில் பார்த்த செவிப்பறையை மதியம் இன்னொருவர் காதில் பார்த்தேன். வலது காது. அதற்கென்றே உள்ள சின்ன விளக்கைக் காதில் வைத்து எட்டிப் பார்த்தால், துவாரத்தின் கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய தோல் பளபளவென்று தெரியும். அதுதான் செவிப்பறை. நான் பார்த்ததில் கீழ்ப்பக்கமாக, வெட்டிப் போட்ட நகத்துண்டு போல வெள்ளையாக வளைந்த ஒரு தழும்பு இருந்தது. சின்ன வயதில் சீழ் வைத்து, ஓட்டை விழுந்து, பிறகு தானாக மூடிக்கொண்ட காதுகளில் அப்படி இருக்கும். காலையில் வந்தவர் நீல ஹெல்மெட், மெயின்டனன்ஸ் ஆள். மதியம் வந்தவர் மஞ்சள் ஹெல்மெட், பிரஸ் ஷாப் ஆள். இருவர் முகத்திலும் மாஸ்க். பெயர் வேறு, டோக்கன் நம்பர் வேறு. காது மட்டும் ஒன்றாக இருந்தது.

ஒரகடத்தில் கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் அப்போது நான் முதலுதவி அறை நர்ஸ். கொரோனா ஓய்ந்த பிறகும் மாஸ்க் போடாமல் கேட்டுக்குள் விடாத காலம் அது. சந்தேகப்படுவது அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதல்ல, பிறந்த வீட்டிலிருந்தே கொண்டுவந்த குணம். எடை போட்டுக் கட்டிய தக்காளியைக்கூட மறுபடி கையில் தூக்கிப் பார்ப்பேன். தொழிற்சாலை அதற்கு நன்றாகத் தீனி போட்டது. பொங்கலுக்கு முன் திடீரென்று வரும் முதுகுவலி, ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கூட்டம் கூடும் அன்று வரும் வயிற்றுப்போக்கு, புது சூப்பர்வைசர் வந்ததும் வரும் தலைசுற்றல் எல்லாம் பார்த்தவள் நான். அவர்களுக்கும் என்மேல் நம்பிக்கை இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் மெடிக்கல் செக்கப்பே ஆள் குறைக்கத்தான் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு முழுப் பொய் என்று எனக்கும் அடித்துச் சொல்ல முடியாது. இப்படி இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, நடுவில் ரத்த அழுத்தம் பார்ப்போம்.

மதியம் வந்தவரிடம் விளக்கை எடுக்காமலே, "காலையில வந்த காதுதானே இது?" என்று கேட்டேன்.

அவர் அசையவில்லை. "இன்னா சிஸ்டர், காதுல பேரா எழுதிக்கீது?" என்றார்.

"எழுதித்தான் இருக்கு. மாஸ்க்கைக் கழட்டுங்க."

கழற்றினார். எல்லாரும் ஃபிட்டர் என்று கூப்பிடும் ஆள். முப்பது வயதுக்குள் இருக்கும். கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வருவார். மதியம் அவர் சொன்ன பெயரும் டோக்கனும் அவருடைய அக்கா கணவருடையவை. அந்த மாமா பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் பெரிய பிரஸ்ஸில் நிற்பவர்.

ஃபிட்டர் சொன்ன காரணம் எங்கள் தொழிற்சாலைக்கே உரியது. பிரஸ் லைன் ஓடும்போது ஆள் நகர முடியாது. ரிலீவர் வந்தால்தான் சிறுநீர் கழிக்கவே போகலாம். ஆகவே நகர முடிகிற மெயின்டனன்ஸ் ஆட்கள் நகர முடியாதவர்களின் சில்லறை வேலைகளைச் செய்து கொடுப்பார்கள். ஒருவர் யூனிஃபார்முக்கு இன்னொருவர் அளவு கொடுப்பார், ஒருவர் கேன்டீன் கூப்பனை இன்னொருவர் வாங்கி வருவார், ஒருவர் பாதுகாப்பு வகுப்பில் இன்னொருவர் போய்த் தூங்குவார். அந்த வரிசையில் வருஷச் செக்கப்பில் வரும் காதுப் பரிசோதனையும் சேர்ந்துவிட்டிருந்தது. "ஃபார்மாலிட்டிதானே சிஸ்டர், நான் போய் முடிச்சுக்கினு வரேன்னு சொன்னேன். மாமா சரின்னுட்டாரு."

நான் நம்பவில்லை. யூனிஃபார்ம் அளவு கொடுக்க வருகிறவர் ஹெல்மெட்டை மாற்றிக்கொண்டு வரமாட்டார். பணம் வாங்கிக்கொண்டு செய்கிறீர்களா என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. போன வருஷமும் நீங்கள்தானா என்று கேட்டேன். அதற்கு முந்தின வருஷம்? உள்ளே உட்கார வைத்துக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக் கூண்டின் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் காது நன்றாக இருந்ததற்கும் காரணம் அந்தத் தழும்புதான். சின்ன வயதில் சீழ் வடிந்து வேதனைப்பட்டவர் என்பதால், கம்பெனி கொடுக்கும் காதடைப்பானை எப்போதும் போட்டிருப்பார். மற்றவர்களுக்கு அது தொல்லை. வியர்க்கிறது, அரிக்கிறது, சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்கவில்லை என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். "ஃபிட்டர் சார், காதுக்கு ஜட்டி போட்டாச்சா?" என்று இவரைக் கிண்டல் வேறு செய்வார்கள்.

"மாமாவுக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"கம்மிதான் சிஸ்டர்" என்றார். "அது தெரிஞ்சா பிரஸ்ஸ வுட்டு எடுத்துடுவாங்க. ஓவர்டைம் ஓட்டி எல்லாம் போச்சு. காண்ட்ராக்ட்டையே முடிச்சிட்டா? ஏற்கெனவே அக்கா வூட்டுல தெனம் சண்ட."

என்ன சண்டை என்று கேட்டேன். இரக்கத்தில் கேட்கவில்லை. பேச்சை மாற்றப் பார்க்கிறாரோ என்ற சந்தேகத்தில்தான் கேட்டேன். அக்கா கூப்பிட்டால் மாமா திரும்புவதே இல்லையாம். ஆனால் தெருவில் கூட்டாளி கூப்பிட்டால் உடனே எழுந்து போகிறாராம். டீக்கடைக்காரர் சொல்வது கேட்கிறது, லாரி சத்தம் கேட்கிறது, பெண்டாட்டி சொல்வதும் மகள் சொல்வதும் மட்டும் காதில் விழுவதில்லை. காதைக் காட்டச் சொன்னால், "கம்பெனியிலயே வருஷா வருஷம் பாத்து நல்லா கீதுன்னு சொல்லிட்டாங்க" என்கிறாராம். அது உண்மையா என்று அக்கா தம்பியிடம் கேட்டிருக்கிறாள். தம்பியும் ஆமாம் என்றிருக்கிறார். அதன் பிறகு அவளுக்கு ஒரே முடிவுதான் மிச்சம். காதில் கோளாறு இல்லை, மனசில்தான் கோளாறு. வேறு எவளோ இருக்கிறாள். அவர் செல்போனை எடுத்துப் பார்க்கிறாள், சட்டையை மோந்து பார்க்கிறாள், ஓட்டி என்றால் நிஜமாகவே ஓட்டியா என்று தம்பியிடம் விசாரிக்கிறாள்.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றன. ஒன்று சுத்தி மாதிரி, ஒன்று பட்டடை மாதிரி, ஒன்று குதிரைக்காரன் கால் வைக்கும் அங்கவடி மாதிரி. உடம்பிலேயே சிறிய எலும்புகள் இவைதான். செவிப்பறையின் அதிர்வை வாங்கி உள்ளே தள்ளுவது இவற்றின் வேலை. உள்ளே நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழல், அது நிறையத் திரவம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் கொண்ட செல்கள் வரிசையாக இருக்கும். திரவம் அசைய, அந்த இழைகள் அசைய, அந்த அசைவு நரம்பு வழியாக மூளைக்குப் போனால்தான் நாம் கேட்டோம் என்று அர்த்தம். கீச்சென்ற மெல்லிய சத்தங்களுக்கான செல்கள் குழலின் வாசல் பக்கம் இருக்கின்றன, கனத்த சத்தங்களுக்கானவை உள்சுருளில். வருஷக்கணக்காகப் பிரஸ் அடிக்கிற அடியில் முதலில் சாவது வாசல் பக்கம் இருப்பவை. செத்தால் செத்ததுதான், முடி மாதிரி மறுபடி முளைக்காது. ஆகவே லாரி கேட்கும், டீக்கடைக்காரரின் கட்டைக் குரல் கேட்கும். பெண்டாட்டி பேசுவதும் மகள் பேசுவதும் தேய்ந்துபோய் முணுமுணுப்பாகத்தான் விழும். ஒரு மனைவியைச் சந்தேகப்பட வைப்பதற்கென்றே செய்த வியாதி மாதிரி இருக்கிறது இது. எனக்கு வந்த ஆத்திரம் ஃபிட்டர் மேலா, காதடைப்பானைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் ஜனங்கள் மேலா, அதைக் கண்டும் காணாத மாதிரி உற்பத்தி எண்ணிக்கையை ஏற்றச் சொல்கிற மேனேஜர்கள் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மாமாவே வந்தாக வேண்டும், இல்லையென்றால் இப்போதே டாக்டரைக் கூப்பிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன். வேறு யாரையாவது மாமா என்று கூட்டிவருவாரோ என்றும் ஒரு சந்தேகம் இருந்ததால், காலையிலேயே பிரஸ் ஷாப்புக்குப் போய் அந்த ஆளை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டேன். அசல் மாமாதான் வந்தார். அமைதியான மனிதர். பேசும்போது என் வாயையே பார்த்தார். மாஸ்க்கை இறக்கிக்கொண்டு பேசினேன். "எனக்கு நல்லா கேக்குது சிஸ்டர். பிரஸ் ஷாப்ல எல்லாரும் வாயப் பாத்துத்தான் பேசுவோம், அது எங்களுக்குப் பழக்கம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. காது நன்றாக இருக்கிறது என்று வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு, மச்சான் முடித்துக்கொண்டு வந்த பரிசோதனையைத் தன் பரிசோதனை என்றே அவர் நம்பியிருந்தார்.

கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன். கனத்த சத்தங்களுக்கு விரலைச் சரியாகத் தூக்கினார். மேலே போகப் போக விரல் தயங்கியது, பிறகு மடியிலேயே கிடந்தது. பரீட்சைக்கு வந்த நல்ல மாணவன் போல, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். நான் ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். கூட வந்திருந்த ஃபிட்டர், லேசாகத் திறந்திருந்த கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார். ஹெட்ஃபோனைத் தாண்டி ஒழுகிய அந்தக் கீச்சொலி அவருக்குக் கேட்டுவிட்டது. கதவருகே நின்ற இவருக்குக் கேட்டது, காதிலேயே வைத்திருந்த அவருக்குக் கேட்கவில்லை. ஃபிட்டர் என்னைப் பார்த்தார். "போதும் சிஸ்டர், நிறுத்திடுங்க" என்றார்.

டாக்டரிடம் இருந்ததை இருந்தபடி சொன்னேன். ஃபிட்டருக்கு மெமோ கொடுத்தார்கள். மாமாவைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச்சில் போட்டார்கள். ஓட்டி போயிற்று, வேலை போகவில்லை. வேறு கணக்கு ஏதும் இல்லாமல் கம்பெனி அவரை விட்டு வைத்ததா என்று இன்றைக்கும் யோசிப்பேன். இப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறேன். இங்கே விரல்ரேகை வைத்தால்தான் கூண்டுக் கதவு திறக்கும். அப்படியும் நான் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காதைப் பார்க்கிறேன். அந்த ஃபிட்டரை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. அக்காவின் குடும்பத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் தலையில் இத்தனை வருஷச் சந்தேகத்தை ஏற்றி வைத்தவர் அவர்தானே. அதே நேரம், அன்று கூண்டு வாசலில் நின்ற அவர் முகமும் ஞாபகம் வருகிறது, கோபம் முழுசாக நிற்கமாட்டேன் என்கிறது.

அப்போதே காது மெஷின் வைப்பதற்காக மாமாவைத் தண்டலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். துணைக்கு நானும் போனேன். அக்கா வந்திருந்தாள். ஒல்லியான பெண். என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையிலேயே, சந்தேகப்படுவதில் என் இனம் என்று தெரிந்துகொண்டேன். நத்தை, மயிரிழை, வாசல் பக்கம், உள்சுருள் என்று எல்லாம் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"தம்பி சொல்லச் சொன்னானா சிஸ்டர்? ஆம்பளைங்க கூப்ட்டா கேக்குமாம், நான் கூப்ட்டா கேக்காதாம். நல்லா கீது கத."

ஃபிட்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நெஜம்தான்கா. டெஸ்ட்ல உக்காந்தது நான்" என்றார். அவள் தம்பியைப் பார்த்த மாதிரி என்னை யாரும் பார்க்கக் கூடாது.

மாமா வராந்தாவின் அந்தக் கோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வெளியே ஹைவேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவருக்குப் பின்னால் போய் நின்றாள். வீட்டில் கூப்பிடுகிற குரலில், "இந்தாய்யா" என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டாள். வெயிலில் லாரிகள் போய்க்கொண்டிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆம்பளைக் குரலாகக் கட்டையாக, "யோவ்" என்றாள்.

சட்டென்று திரும்பினார். அவளைத் தாண்டி வராந்தா முழுக்கக் கண்ணை ஓட்டி, தன்னைக் கூப்பிட்ட ஆம்பளை யார் என்று தேடினார்.

"நான்தான்யா கூப்ட்டேன்" என்றாள் அவள், தன் சொந்தக் குரலில். அது அவருக்குக் கேட்கவில்லை.