விளிம்பைப் பிடித்த கை

வாத்தியாராக இருந்தவன் என்பதால் சபையில் என்னை இன்னும் "சேர்" என்று மரியாதையாக அழைக்கிறீர்கள். அந்த மரியாதைக்கு நான் தகுதியற்றவன் என்பதையும் சேர்த்துத்தான் இந்தச் சாட்சியைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழி மழைக்குள், எனக்குப் பாரிசவாதம் வந்தது. இடப்பக்கம் முழுவதும் விழுந்துபோனது. பேச்சு மட்டும் தப்பியது. நடக்க முடியாததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். உட்கார முடியவில்லை. கட்டில் ஓரத்தில் இருத்தினால் நனைந்த நெல்மூட்டை போல இடப்பக்கம் சரிவேன். பிசியோதெரபி செய்ய வந்த பெண் என் விலாவில் கைவைத்துச் சொன்னார்: உடம்பின் பாரம் ஒரு பக்கம் போகும்போது விலாவும் முதுகும் இறுகி அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், உங்களுக்கு அது மறந்துவிட்டது என்று. விழும் பயத்தில் நான் வலக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து உந்துவேன். அந்த உந்தலே என்னை இன்னும் சரித்தது. அவர் எத்தனை தரம் சொல்லியும் கை கேட்கவில்லை.

என்னைத் தூக்கித் தூக்கி மனைவியின் இடுப்பு விட்டுப்போனது. இனி முதியோர் இல்லம்தான் என்ற பேச்சு எழுந்தது. ஒருநாள் மகன் கனடாவிலிருந்து அவளோடு பேசியது எனக்கும் கேட்டது.

"நேரா இருக்கவே ஏலாத மனிசன வீட்டில வெச்சு நீங்க என்னம்மா செய்யிற?"

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வசனம் என்னுடையது.

நான் செட்டிபாளையத்தில் படிப்பித்த காலத்தில் சுகந்தி என்றொரு பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்த்தார்கள். பிறவியிலேயே இடுப்பில் பலமில்லை. வாங்குப் பலகையில் இருத்தினால் சரிவாள். வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். "நேரா இருக்கவே ஏலாத புள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு?" என்று அவளுடைய தகப்பனிடம் கேட்டேன். வாவியில் தோணி வலிக்கும் மனிதர். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவள் பிறகு வரவில்லை. நான் அதை மறந்தே போனேன்.

மகனின் பேச்சைக் கேட்ட அன்று அழுது ஜெபித்தேன். "ஆண்டவரே, நடக்க வைக்க வேண்டாம். ஒருதரம் நேராக இருந்து அவளிடம் மன்னிப்புக் கேட்க வையும்."

மனைவி விசாரித்து ஆள் அனுப்பினாள். சுகந்தி அதே ஊரில் தையல் வேலை செய்கிறாள். அவள் நம் சபையைச் சேர்ந்தவளல்ல, கண்ணகை அம்மனுக்கு விளக்கு வைக்கிறவள். ஓட்டோவில் வந்திறங்கி, ஊன்றுகோலோடு உள்ளே வந்தாள். மனைவி என்னை இருத்தினாள். கை வழக்கம்போலச் சட்டத்தைப் பிடித்தது. சுகந்தி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, என் இடப்பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"கைய விடுங்க சேர். விளிம்பப் புடிச்சாத் தோணி கவிழும்."

"விழுந்திருவன் புள்ள."

"என்னில சாயுங்க. நான் எத்தின தரம் தண்ணிக்குள்ள விழுந்து எழும்பினவள்."

பள்ளிக்கூடம் இல்லாமற்போனபின் தகப்பன் அவளைத் தினமும் தோணிக்குள் இருத்திக் கொண்டுபோனாராம். தோணி ஆட ஆட, உடம்பு சரியாமல் இருக்கப் பழகியதாம்.

கையை விட்டேன். பாரம் முழுவதும் அவள் தோளில் போனது. அப்படியே சாய்ந்தபடி, "என்ன மன்னிச்சிரு புள்ள" என்றேன்.

அவள் மெல்லச் சிரித்தாள். "நேரா இருந்து சொல்லுங்க சேர்."

என் விலாவுக்குள் ஏதோ ஒன்று கயிறுபோல இறுகியது. அவள் தோளைவிட்டு என் உடம்பு தானாகத் திரும்பி வந்தது. மூன்று மூச்சு நேரம் நேராக இருந்தேன். அதற்குள் சொல்லி முடித்தேன்.

பிறகு சனிக்கிழமைகளில் வந்து என்னைச் சாயவும் நிமிரவும் பழக்கினாள். இன்று இந்த வாங்கில் யாரும் பிடிக்காமல் உங்களோடு இருக்கிறேன். கர்த்தருக்கு நன்றி. விழுவோமென்ற பயத்தில் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் இங்கே இருந்தால், கையை விட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலும் அவர் ஒருவரை இருத்துவார். அது நீங்கள் ஒருகாலம் எழுப்பி அனுப்பியவராகவும் இருக்கலாம்.